ஏழாவது பலகையின் நாலாவது வரி

1

இந்தக் கதை ஒரு தகரப் பலகையிலிருந்து வந்தது. மட்டாஞ்சேரியில் காயலோரம் பழைய மிளகு வியாபாரி ஒருவரின் பங்களாவும் தோட்டமும் உண்டு. 1983-இல் அதைப் பொதுமக்களுக்குத் திறந்தபோது, அங்கே காணக்கூடிய பறவைகள், விலங்குகளைப் பற்றிப் படத்தோடு எட்டுப் பலகைகள் கேட்டார்கள். படங்கள் என் கணவர் வெங்கிட்டு. மலையாள வாசகம் நான். ஏழாவது பலகையில் இன்றும் படம் இல்லை. அதை வரையுமுன் அவர் அங்குள்ள தோணித்துறையில் மூழ்கி இறந்தார்.

நான் முதலில் எழுதிய தொடக்கம் வேறு: 'காவல்காரன் அப்பு பொய் சொன்னான்.' அடித்துவிட்டேன். ஆறு வருஷமாக அதை எழுதுவதும் அடிப்பதுமாக இருக்கிறேன்.

2

துறைக் கதவின் சாவி அப்புவிடம் மட்டும்தான். போலீஸிடம் அவன் சொன்னது: "அன்னிக்கு சாரை நான் கண்டதேயில்ல. மதில் சாடியிருப்பார்."

வெங்கிட்டுவா மதில் ஏறிக் குதிக்கிறவர்? நாற்காலியில் ஏறி பல்பு மாற்றவே என்னைப் பிடித்துக்கொள்ளச் சொல்வார். அவருடைய

[இந்த வாக்கியத்தை முடிக்க முடியவில்லை. விட்டுவிடுகிறேன்.]

3

இந்தப் பகுதி முந்தைய நகல்கள் எதிலும் இல்லை.

வெங்கிட்டு எழுத்தை முதலில் எழுதுவார். படத்துக்கு இடம் விடுவார். கண்ணால் காணாத எதையும் வரையமாட்டார். அவர் இறப்பதற்கு முந்தின நாள் சாயந்திரம், எங்கள் வீட்டில்:

"சுந்தரி, ஏழாவது பலகையில நாலு வரிக்கு இடம் இருக்கு. மூணுதான் தந்திருக்கே."

நான் யோசிக்காமல் சொன்னேன்: 'விடியற்காலையில் தோணித்துறைப் படிகளில் நீர்நாய்கள் மீன் தின்பதைக் காணலாம்.'

"நீ பாத்திருக்கியோ?"

"ஏன்னா, பாத்தேனே. ரெண்டு இருந்தது."

பார்க்கவில்லை. இடத்தை நிரப்பினேன். அவர் உடனே அந்த வரியை எழுதிக் காயவைத்தார். அதன் பிறகு அவர் வீட்டைவிட்டு இறங்கியது மறுநாள் விடியலில்தான்.

4

போன வாரம் பலகைகளுக்குப் புது வர்ணம் அடிக்கப்போவதாகச் சொல்லியனுப்பினார்கள். போனேன். அப்புவுக்குத் தலை நரைத்துவிட்டது. ஏழாவது பலகை முன்னால் நின்று அவனாகவே புலம்பினான்.

"எத்தனை பறைஞ்சேன் மாமி! இங்கே நீர்நாயும் இல்ல, ஒரு நாயும் இல்ல, படியெல்லாம் பாசியாக்கும்னு. சார் கேட்டால்தானே! 'ஆத்துக்காரி ரெண்டு பாத்திருக்கா'ன்னு ஒரே சிரி."

"எப்போ சொன்னார், அப்பு?"

"மாமிக்கு ஒரு சாயா வாங்கட்டே?" என்றான்.

5

ஆக, அன்று விடியலில் அவன் அவரைக் கண்டிருக்கிறான். பேசியிருக்கிறான். கதவைத் திறந்துவிட்டானா? அவர் விழுந்தபோது எங்கே நின்றான்? வேலை போய்விடும் என்ற பயமா, வேறெதாவதா? இதில் ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவு எழுதிக் கிழித்தேன்.

ஏனென்றால் அவனுடைய பொய்க்கு நான் காட்டக்கூடிய ஒரே சாட்சி, என் பொய். அந்த 'ரெண்டு' நான் சொன்னது. அதைச் சொல்லாமல் அவனைக் காட்டிக்கொடுக்க முடியாது.

(இதைத் தமிழில் எழுதுவதற்குக் காரணம் உண்டு. அப்புவுக்குத் தமிழ் பேசத்தான் தெரியும்.)

6

வெள்ளிக்கிழமை புது ஓவியர் வருகிறார். "நாலாவது வரி இருக்கட்டுமா, மாமி?" என்று கேட்டிருக்கிறார். சுரண்டினால் சாட்சி போய்விடும். விட்டுவைத்தால், அதை நம்பி யாராவது விடியலில் அந்தப் படிகளில் இறங்குவார்கள்.

என்ன பதில் சொன்னேன் என்று எழுதப்போவதில்லை. மட்டாஞ்சேரிக்கு வந்தால் ஏழாவது பலகையின் வரிகளை எண்ணிப் பாருங்கள். நான்கு இருந்தால், துறைப் பக்கம் போக வேண்டாம். மூன்றே இருந்தால், அப்புவிடம் போய், நீர்நாய் உண்டா என்று கேளுங்கள். கேட்கும்போது அவன் முகத்தைப் பாருங்கள்.