வெங்கடப்பன் சொன்ன வாக்கு

டாக்டர் கேட்ட கேள்விக்கு மேகலா பாதி பதில்தான் சொல்லியிருப்பாள். அதற்குள் மங்கம்மா மருமகளின் கொண்டையைப் பிடித்து இழுத்துச் சுவரில் மோதினாள். பாகலூர் ரோட்டில் இருக்கும் அந்த ஆஸ்பத்திரியின் தாழ்வாரத்தில் எல்லோரும் பார்க்க இது நடந்தது. இரண்டு நர்ஸ்கள் ஓடிவந்து பிரிக்கும்வரை, மேகலாவைக் கட்டியவன் சிவராஜ் இடிச்சபுளி மாதிரி நின்றான்.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர் பொற்கொடி கேட்டது சாதாரணக் கேள்விதான். போன ஆபரேஷன் முடிந்து கண் விழித்தபோது பெரியவர் எப்படி இருந்தார்? நல்லாத்தான் இருந்தார் என்று தாயும் மகனும் ஒரே குரலில் சொன்னார்கள். கூப்பிடாமல் வந்து கதவோரம் நின்ற மேகலாதான் இல்லை என்றாள்.

பெரியவர் வெங்கடப்பன் ஊரில் அம்மன் அருள் வந்து வாக்குச் சொல்கிறவர். அவர் வாயில் வந்துவிட்டால் அதற்கு மேல் பேச்சில்லை. போன வருஷம் வலது இடுப்பு உடைந்து வேறொரு ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் ஆனது. மறுநாள் கண் விழித்தவர் கையிலிருந்த ஊசியைப் பிடுங்கி எறிந்தார். போர்வையெல்லாம் ரத்தம். தண்ணீர் கொடுக்கப் போன மேகலாவின் முகத்தில் குளுக்கோஸ் ஸ்டாண்டால் அடித்தார். "விஷம் வெக்கிறா, என்னைக் கொல்ல வந்துட்டா" என்று கத்தினார். திருவிழாவில் வருகிற அதே குரல், அதே முறுக்கு. மங்கம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். டாக்டர்கள் மருந்து கொடுக்க வந்தபோது, சாமிக்கு எதற்கு மருந்து என்று தாயும் மகனும் கையெழுத்துப் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். அன்றைக்கே சிவராஜ் பெண்டாட்டியை வயிற்றில் உதைத்தான். கீழே விழுந்தவளின் வாயில் மிதித்தான். இரண்டு பற்கள் போயின. விஷம் வைத்தவள் என்ற பெயரோடு அவள் ஜூஜுவாடியில் ஒரு கம்பெனியில் சேர்ந்து அங்கேயே அறை எடுத்துக்கொண்டாள்.

நாலைந்து நாளில் கிழவர் தெளிந்துவிட்டார். ஆனால் சொன்ன வாக்கைச் சொன்னவரிடமே திருப்பிச் சொல்லக் கூடாது என்பது அந்த ஊர் வழக்கம். அதனால் அவரிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை. மருமகள் கோபித்துக்கொண்டு போய்விட்டாள் என்று மட்டும் சொல்லிவைத்தார்கள்.

இப்போது இடது இடுப்பு. கம்பெனி பஸ்ஸில் யாரோ சொல்லக் கேட்டு, மேகலா லீவு போட்டுவிட்டு வந்திருந்தாள். மாமனார் மேல் பாசத்தால் வந்தாள் என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அவர் மறுபடி அப்படியே எழுந்து கத்தினால், அம்மன் இரண்டாம் தடவையும் சொல்லிவிட்டாள் என்பார்கள். அதன் பிறகு அவள் சாகும்வரை விஷக்காரிதான். ஊர் வாய்க்கு உலைமூடி ஏது?

மேகலாவின் உதட்டில் கசிந்த ரத்தத்தைத் துடைக்கப் பஞ்சு கொடுத்தபடி பொற்கொடி முழுக்கதையையும் கேட்டாள். பிறகு சிவராஜிடம் சொன்னாள்:

"அது அருளும் இல்ல, வாக்கும் இல்லைங்க. ஆபரேஷனுக்கு அப்புறம் வயசானவங்களுக்கு மூளை குழம்பிப்போகும். எதிர்ல இருக்கறவங்க கொல்ல வர்ற மாதிரி தெரியும். இந்தத் தடவை நெத்தியில ரெண்டு பட்டை ஒட்டப்போறேன். மூளைக்குப் போற ஆக்ஸிஜன் கொறஞ்சா திரையில தெரியும், உடனே சரி பண்ணலாம். வரவே வராதுன்னு சத்தியம் பண்ண மாட்டேன். வர்றதக் கொறைக்கலாம்."

பட்டை ஒட்ட நெற்றி சுத்தமாக இருக்க வேண்டும். கிழவரின் நெற்றி நிறைய கோயில் குங்குமம் அப்பியிருந்தது. அம்மன் பொட்டை அழித்தால் குடும்பம் விளங்காது என்று மங்கம்மா ஸ்ட்ரெச்சரை மறித்தாள். சிவராஜ் அப்பனைப் பார்த்தான், மேகலாவின் வாயைப் பார்த்தான். ஈரப் பஞ்சை வாங்கி அவனே துடைத்தான். மங்கம்மா அவன் கன்னத்தில் மாறி மாறி அறைந்தாள். அவன் துடைப்பதை நிறுத்தவில்லை.

ஆபரேஷன் நடுவில் ஒருமுறை திரையில் எண் இறங்கியதாகவும், ரத்த அழுத்தத்தை ஏற்றிச் சரிசெய்ததாகவும் பிறகு பொற்கொடி சொன்னாள். அது மேகலாவின் காதில் சரியாக ஏறவில்லை. அவளுக்குக் கிழவரின் வாய் திறந்து என்ன சொல்லப்போகிறது என்பதுதான் பயம்.

மறுநாள் காலை வார்டில் கிழவர் நன்றாகத் தெளிந்து விழித்தார். தண்ணீர் கேட்டார். மாட்டுக்குத் தீனி போட யார் இருக்கிறார்கள் என்று மங்கம்மாவை அதட்டினார். பிறகு கதவோரம் நின்றவளைக் கண்டுகொண்டார்.

"மேகலாவா? வாம்மா. ஒரு வார்த்த சொல்லாம போயிட்டியே, நான் என்னம்மா பண்ணேன் உனக்கு?"

மங்கம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். சிவராஜின் முகம் கோணியது. மேகலாவைப் பார்த்து இரண்டு எட்டு வைத்தான். கும்பிடத்தான் கைகளைத் தூக்கினான்.

அது கும்பிடு என்று அவளுக்குப் புரிவதற்குள் அவளுடைய இரண்டு முழங்கைகளும் மேலேறி முகத்தை மறைத்துவிட்டன. தோள் சுவரோடு ஒடுங்கியது. கட்டிலில் கிடந்தவர் அதைப் பார்த்தார். பிறகு மகனின் கைகளைப் பார்த்தார்.