தாளம் கேட்கும் பெட்டி

லோகநாயகி டீச்சர் போனில் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், மனசு ஆறியிருக்கும். அவர் பொறுமையாகப் பேசினார்.

"சார், தாளம் ஊசியாட்டம் குத்துது. பிள்ளைங்க காதப் பொத்திக்குதுங்க. சிவராத்திரிக்கு இன்னும் பன்னெண்டு நாளுதான் இருக்கு. வியாழக்கெழமைக்குள்ள சரி பண்ணிக் குடுத்துடுங்க. முடியலன்னா இப்பவே சொல்லிடுங்க, நான் பாண்டிச்சேரில பாத்துக்கறேன்."

அவர் சிதம்பரத்தில் நடனப் பள்ளி வைத்திருப்பவர். 2010 சிவராத்திரி நாட்டியாஞ்சலியில் அவருடைய மாணவிகள் ஆடப்போகும் பாட்டைக் கடலூர் புதுப்பாளையத்தில் என் வீட்டு ஸ்டூடியோவில்தான் பதிவு செய்தோம். ஸ்டூடியோ என்றதும் பெரிதாக நினைக்க வேண்டாம். படுக்கையறையைப் பாதியாகத் தடுத்து, சுவரில் பழைய மெத்தைகளை ஆணியடித்து மாட்டிய இடம். டீச்சர் அங்கே உட்கார்ந்து, ஜதி சொல்லிக்கொண்டே உள்ளங்கைக்குள் அடங்கும், ஜால்ரா போன்ற உலோகத் தாளத்தைத் தட்டினார். அந்தத் தாளம்தான் இப்போது ஊசியாகிவிட்டது என்கிறார்.

"சரி பண்ணிடலாம் டீச்சர், மெஷின்ல சின்னக் கோளாறு" என்று சொல்லிப் போனை வைத்தேன். மூன்று மாதத்தில் இது மூன்றாவது புகார். முதலில் சர்ச் கொயர்காரர்கள், பாட்டில் 'ஸ' வரும் இடமெல்லாம் பாம்பு சீறுகிறது என்றார்கள். அடுத்து லால்பேட்டைக் கடைக்காரர் ஒருவர், தன் விளம்பரத்தைக் கேட்டால் பல் கூசுகிறது என்றார்.

எனக்கோ தாளம் குத்தவே இல்லை. மரக்கட்டையை மரக்கட்டையால் தட்டியதுபோல் மொட்டையாகக் கேட்டது. அதனால்தான் கூர்மையான சத்தத்தைக் கூட்டும் ட்ரெபிளை ஏற்றினேன். அதுவும் போதவில்லை என்று மறுபடி ஏற்றினேன்.

இதற்கு இரண்டே காரணம்தான் இருக்க முடியும். ஒன்று, கன்வர்ட்டர். கம்ப்யூட்டருக்குள் பாட்டு வெறும் எண்களாகத்தான் கிடக்கிறது. அந்த எண்களைச் சத்தமாக மாற்றி ஸ்பீக்கருக்கு அனுப்பும் சாமான்தான் கன்வர்ட்டர். என்னிடம் இருந்தது கம்ப்யூட்டரோடு வந்த மட்டமான சவுண்ட் கார்டு. அது தாளத்தின் கூர்மையை விழுங்கிக்கொண்டிருக்கலாம். அப்படியானால் நல்ல கன்வர்ட்டராகப் பார்த்து மாட்டினால் தீர்ந்தது. இன்னொரு காரணம், என் காது.

காதைச் சந்தேகப்பட எனக்குக் காரணம் இருந்தது. பத்தாவது முடித்த கையோடு காடாம்புலியூர் கொளஞ்சி அண்ணனின் மைக் செட்டில் சேர்ந்தவன் நான். பன்னிரண்டு வருஷம் அங்கேதான். மைக் செட்காரனுக்கு ஒரு வழக்கம் உண்டு. கூம்பு ஸ்பீக்கரை மரத்தில் கட்டியதும், அதில் உயிர் இருக்கிறதா என்று பார்க்க அதன் வாயிலேயே காதை வைப்பான். கீழே இருப்பவன் மைக்கைத் தட்டுவான். திருவிழா, தேர்தல், காதுகுத்து, சாவு என்று எல்லாவற்றுக்கும் ஏணியில் ஏறிக் காதை வைத்தவன் நான். வலது காது இரைந்தால் இடது காதைக் கொடுப்பேன். 'காது மந்தமாயிடுச்சா, அப்ப நீ தொழில் கத்துக்கிட்ட' என்று சொல்லிச் சிரிப்போம். இப்போது அந்தச் சிரிப்பு வரவில்லை. முப்பத்து நான்கு வயதில் இதை விட்டால் எனக்கு வேறு தொழிலும் தெரியாது.

மஞ்சக்குப்பத்தில் ஒரு காது டாக்டர் இருக்கிறார். அவர் போர்டு வரும்போது எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டே வண்டியை ஓட்டிவிடுவேன். மடியில் கனம் இருந்தால்தானே வழியில் பயம்.

என் மனைவி ஜான்சி சர்ச்சில் பாடுகிறவள். போன வாரம் நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அடுப்படியிலிருந்து வந்தாள். என் இடது கைக் கடிகாரத்தில் எதையோ அழுத்திவிட்டு, "ஏங்க, அலாரம் அடிச்சிக்கிட்டே இருக்கு, கேக்கலயா?" என்றாள்.

"கேட்டுச்சு. கையில சோறு இருக்குல்ல" என்று எரிந்து விழுந்தேன். எனக்கு எதுவும் கேட்கவில்லை. அவள் ரசம் ஊற்றினாள்.

சிதம்பரம் கனகசபை நகரில் மாடியில் ஸ்டூடியோ வைத்திருக்கும் ஸ்ரீதர் என் நண்பன். நிலபுலன் உள்ள வீட்டுப் பிள்ளை. கீபோர்டு வாசிப்பான், புதிதாக எந்தக் கருவி வந்தாலும் வாங்கிவிடுவான். அவனிடம் இரண்டு கன்வர்ட்டர்கள் இருந்தன. வந்து கேட்டுவிட்டு, பிடித்ததை எடுத்துக்கொண்டு போ என்று ஒரு மாதமாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான். நான்தான் சாக்குச் சொல்லித் தள்ளிக்கொண்டிருந்தேன். அந்த இரண்டு பெட்டியிலும் தாளம் மொட்டையாகவே கேட்டால், குற்றம் சொல்ல வேறு எதுவும் மிச்சம் இருக்காது. அந்தப் பயம்தான்.

டீச்சர் கெடு வைத்த பிறகு வேறு வழியில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் பாட்டை ஹார்டு டிஸ்கில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். "நானும் வரேன்" என்றாள் ஜான்சி. வேண்டாம் என்று சொல்லக் காரணம் கிடைக்கவில்லை.

ஆலப்பாக்கம் தாண்டும்போது பஸ்ஸில் ஏதோ கேட்டாள். "ஆமா" என்றேன். அவள் என்னையே பார்த்தாள். ஆமா, இல்லை என்று சொல்லி முடிக்கிற கேள்வி இல்லைபோல.

"வா மச்சான். தங்கச்சி, உள்ள வாம்மா" என்று ஸ்ரீதர் வரவேற்றான். நடு நாற்காலியில் என்னை உட்கார வைத்தான். ஜான்சி வலது பக்க ஸ்பீக்கருக்குப் பக்கத்தில், என்னைப் பார்த்தபடி ஸ்டூலில் உட்கார்ந்தாள். பாட்டைத் திரையில் திறந்தேன். குரல், வயலின், மிருதங்கம், தாளம் எல்லாம் தனித்தனி வரிசையாக இருக்கும். வேண்டியதைத் திறக்கலாம், வேண்டாததை மூடலாம்.

முதல் பெட்டியில் பாட்டு ஓடியது. குரல் தெளிவாக வந்தது, வயலின் வந்தது. தாளம் அதே மரக்கட்டை. இது சுமாரான பெட்டியாக இருக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

ஸ்ரீதர் ஒயரை மாற்றினான். கர்த்தரே, இதிலாவது கேட்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். இரண்டாவது பெட்டியில் பாட்டு ஓடியது. அதே மரக்கட்டைதான்.

"எப்பிடி மச்சான்? தாளத்தத் தட்டுனதும் அந்த ணிங்குனு ஒரு வாலு போவுது பாரு, எவ்ளோ நீளம்" என்றான் ஸ்ரீதர்.

எந்த வாலும் எனக்குப் போகவில்லை. நெஞ்சு அடித்துக்கொண்டது மட்டும் நன்றாகக் கேட்டது. அவன் கண்ணைத் தவிர்க்கத் திரும்பினேன். அப்போதுதான் ஜான்சியின் முகத்தைக் கவனித்தேன். ஒவ்வொரு தாளத்துக்கும் அவள் இமை சட்டென்று மூடித் திறந்தது. கண்ணில் தூசி விழுந்தவள்போல் முகம் சுளித்தது. முதல் பெட்டியில் அவள் இவ்வளவு சுளிக்கவில்லை.

"ரெண்டாவதுதான் மச்சான்" என்றேன். "வாலு நல்லாத் தெரியுது. மொதப் பெட்டியில தேஞ்சிபோயி வருது."

"காதுன்னா இது காது. நானும் அதேதான் நெனச்சேன்" என்று ஸ்ரீதர் மேசையைத் தட்டினான்.

வெட்கமாக இருந்தது, தப்பித்துவிட்டோம் என்றும் இருந்தது. பெண்டாட்டி கண்ணைப் பார்த்துப் பரீட்சை எழுதியவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு உடனே கிளம்பிவிட வேண்டும் என்று எழுந்தேன்.

"இரு மச்சான், எடுத்துக்கிட்டுப் போறதுக்கு முன்னாடி மொதப் பெட்டிய இன்னொரு தடவ கேட்டுடு" என்று சொல்லி, ஸ்ரீதர் ஒயரை மறுபடி மாற்றினான். முதுகைக் காட்டிக்கொண்டு திரையில் ஏதோ செய்தான். பாட்டு ஓடியது.

இந்தத் தடவை நான் பாட்டைக் கேட்கவே இல்லை. ஜான்சியின் இமையை மட்டும் பார்த்தேன். அது தப்பாமல் தாளத்துக்கு மூடித் திறந்தது. தைரியம் வந்து, தொடையில் விரலால் தட்டிக்கூடக் காட்டினேன்.

பாட்டு முடிந்ததும், "தாளம் இதுல கொஞ்சம் அடங்கித்தான் கேக்குது. சந்தேகமே இல்ல, ரெண்டாவதுதான்" என்றேன்.

ஸ்ரீதர் பாட்டை நிறுத்தினான். நாற்காலியைத் திருப்பி என்னைப் பார்த்தான்.

"எந்தத் தாளம் மச்சான்?"

"டீச்சர் தட்டுறதுதான். வேற எது?"

"அத நான் மூடி வெச்சிருக்கேனே. ரொம்பக் குத்துதுன்னு, மத்தத மட்டும் கேப்போம்னு மூடுனேன்."

திரையைப் பார்த்தேன். தாளத்தின் வரிசை மட்டும் மங்கிக் கிடந்தது. மிருதங்கத்தின் ஓரத் தட்டைத் தாளம் என்று நினைத்து நான் தொடையில் தட்டியிருக்கிறேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். மூன்று மாதமாக நான் கூடத்தைத்தான் திட்டிக்கொண்டிருந்தேன்.

ஜான்சியின் பக்கம் திரும்பினேன். அவள் கண் நிறைந்திருந்தது.

"தாளம் இல்லன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"அப்பறம் எதுக்கு கண்ணச் சிமிட்டுன?"

"நீங்க என் மூஞ்சியப் பாத்துத்தான் சொல்றீங்கன்னு ரெண்டாவது பெட்டியிலயே தெரிஞ்சிபோச்சு. அது நெஜந்தானான்னு பாத்தேன்."

"ஸ்ரீதர் முன்னாடி என்ன அசிங்கப்படுத்திட்ட."

"வீட்ல கேட்டா எரிஞ்சி விழுவீங்க" என்றாள். "நாலு மாசமா நான் எப்பிடி இருக்கேன்னு உங்களுக்குத் தெரியுமா? ரோட்டத் தாண்டும்போது பின்னாடி வர்ற வண்டிய நாந்தான் பாக்குறேன். நீங்க வண்டி எடுத்துக்கிட்டுப் போனா, திரும்பி வர்ற வரைக்கும் வாசல்லயே நிக்கிறேன். பஸ்ல கூட அதத்தான் கேட்டேன், டாக்டர்கிட்ட என்னைக்குப் போலாம்னு. ஆமான்னு சொல்றீங்க."

ஸ்ரீதர், டீ சொல்லிவிட்டு வருவதாகச் சொல்லி இறங்கிப் போனான். மாடிப்படியில் அவன் செருப்புச் சத்தம் எனக்கு எதுவரை கேட்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். நாலாவது படியோடு நின்றுவிட்டது. நிஜமாகவே எனக்கு அழுகை வந்தது. அவள் எழுந்து வந்து என் தலையைப் பிடித்து வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள்.

"எனக்குப் பயமா இருக்கு ஜான்சி."

"எனக்கும்தாங்க."

கொஞ்ச நேரம் கழித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நாளைக்கு மஞ்சக்குப்பம் போறோம். இப்ப டீச்சர் வேலைய முடிக்கணும். ஒயர மாத்துங்க" என்றாள்.

"எதுக்கு?"

"ரெண்டாவது பெட்டிதான் வேணும். நீங்க சொன்னது சரிதான், மொதப் பெட்டியில அந்த வாலு தேஞ்சிதான் வருது. நீங்க எந்திரிங்க, நான் அங்க உக்கார்றேன்."

அந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்க மனசில்லை. எழுந்தேன். அவள் இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். நான் ஒயரை மாற்றி, தாளத்தின் வரிசையைத் திறந்து, பக்கத்தில் நின்றபடி பாட்டை ஓடவிட்டேன்.

"குத்துது, கொறைங்க."

நான் ஏற்றிய ட்ரெபிளைக் குறைத்தேன்.

"இன்னும் கொறைங்க."

குறைத்தேன். மரக்கட்டைச் சத்தம் மெலிந்து, மிருதங்கத்துக்கு அடியில் போய்விட்டது. குனிந்து ஸ்பீக்கரில் காதை வைத்தேன். குரல் இருந்தது, வயலின் இருந்தது. தாளம் எங்குமே இல்லை.

"இன்னும் கொஞ்சம்" என்றாள். எனக்கு ஏற்கெனவே இல்லாமல் போன ஒன்றை மேலும் கொஞ்சம் குறைத்தேன்.

"போதும். இப்ப அழகா இருக்கு."

"இருக்கா?"

"இருக்குங்க."

"நெஜமா இருக்கா ஜான்சி?"

அவள் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். "நெஜமா இருக்குங்க. சேவ் பண்ணுங்க" என்றாள்.

எனக்குக் கேட்காத தாளத்தோடு அந்தப் பாட்டை சேவ் பண்ணினேன்.