ஐந்நூற்று எண்பதுக்குக் கீழே

அன்று காலை ஒன்பது மணிக்கு முன்னால் சென்னையிலிருந்து கடவுளுக்குப் போன மனுக்கள் எல்லாம் அநேகமாக ஒரே மாதிரிதான் இருந்திருக்கும்: கொஞ்சம் கூட்டிப் போடு. கணக்கில் சென்டம் வரட்டும், இயற்பியலில் ஒன்றிரண்டு போனாலும் போகட்டும், மொத்தத்தில் எதிர்வீட்டுப் பெண்ணைவிட ஒரு மார்க்காவது அதிகம் இருக்கட்டும். தி.நகர் சிவா விஷ்ணு கோயிலில் பிள்ளையார் முன்னால் நின்றிருந்த ஸ்வர்ணலதா மட்டும், கொஞ்சம் குறைத்துப் போடு என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

பாத்திரக்கடைக்காரர் மனைவி என்பதால் அதையும் திட்டவட்டமாகக் கேட்டாள். ப்ளஸ் டூ மொத்தம் ஐந்நூற்று எண்பதுக்குக் கீழே இருக்க வேண்டும். ரொம்பக் கீழே போய்விடவும் கூடாது. பையன் முகம் வாடிவிடும். ஐந்நூற்று எழுபது சொச்சம் என்றால் வசதி. புடவைக் கடையில் 'இந்த ரேஞ்சுல எடுத்துப் போடுங்க' என்று கேட்பவளைப் போல அவள் நின்றிருக்க, அர்ச்சகர் தட்டை வாங்கிக்கொண்டு, பிள்ளையின் நட்சத்திரத்தைக் கேட்டுவிட்டு, கவலைப்படாதேங்கோ, சென்டமே வந்துடும் என்றார். "அவ்வளவு வேண்டாம் சாமி" என்று அவள் பதறிப்போய்ச் சொன்னாள். அவர் அதைத் தன்னடக்கம் என்று எடுத்துக்கொண்டார்.

பையன் ஸ்ரீஹரி பத்தாவது முடித்த கையோடு அவள் புருஷன் நல்லசிவம் அவனை நாமக்கல் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். அவனை டாக்டராக்குவது என்று முடிவாகியிருந்தது. யார் முடிவு என்று கேட்கக் கூடாது. முப்பது வருஷத்துக்கு முன்னால் திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்து, உஸ்மான் சாலைச் சந்து ஒன்றில் எவர்சில்வர் கடை போட்டு, கார் வாங்கி, வர்த்தகர் சங்கத்தில் துணைத்தலைவராகவும் ஆகிவிட்ட மனிதருக்கு, 'டாக்டரின் அப்பா' என்ற பதவி ஒன்றுதான் பாக்கி. இரண்டு வருஷம் கழித்து நீட் எழுதிவிட்டு வந்த பையன், சுமாராகத்தான் எழுதியிருக்கிறேன் என்றான். நல்லசிவம் அசரவில்லை. முதல் தடவை எழுதுவது ஒத்திகை என்று அந்தப் பள்ளியிலேயே சொல்லியிருந்தார்கள். கூடவே ஒரு சலுகையும் அறிவித்திருந்தார்கள்: ப்ளஸ் டூவில் ஐந்நூற்று எண்பதும் அதற்கு மேலும் எடுக்கும் தங்கள் மாணவர்கள் இன்னொரு வருஷம் விடுதியில் தங்கி நீட்டுக்குப் படிக்கலாம், கட்டணம் கிடையாது.

இலவசம் என்ற சொல்லைத் தன் கடை வாசலில் எத்தனையோ முறை எழுதிப் போட்டவர்தான் நல்லசிவம். அடுத்தவன் எழுதிப் போட்டதும் உருகிவிட்டார். "எடுத்தாம்னா போறான். எடுக்கலன்னா பேசாம இங்கயே ஒரு காலேஜ்ல சேந்துட்டு, சாயங்காலம் கடைக்கு வரட்டும், கேட்டியா" என்று தீர்ப்புச் சொன்னார். அந்தத் தீர்ப்பின் இரண்டாம் பாதியைத்தான் ஸ்வர்ணலதா முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள்.

பையன் வீட்டுக்கு வந்து நாலு நாள் ஆகிறது. வந்திருக்கிறான் என்றுதான் பேர். விடிகாலை நாலரைக்கு அலாரம் இல்லாமல் எழுந்துவிடுகிறான். போர்வையை இஸ்திரிக்குக் கொடுத்து வாங்கியதைப் போல மடித்து வைக்கிறான். அவள் அறைக்குள் நுழைந்தால் எழுந்து நிற்கிறான். முதல் நாள் அப்படி எழுந்தபோது, யாரோ பெரிய மனிதர் வந்திருக்கிறார் போலும் என்று அவள் திரும்பிப் பார்த்தாள். சாப்பாட்டுக்கு ஏழு நிமிஷம். தோசை இரண்டு, அங்கே இரண்டுதானாம். மூன்றாவதை எடுத்துக்கொண்டு அவள் வருவதற்குள் தட்டைக் கழுவிக் கவிழ்த்திருப்பான்.

இவள் பஸ் ஏற்றி அனுப்பியது இந்தப் பையனை இல்லை. தோசை முறுகலாக இல்லையென்று தட்டைத் தள்ளிவிட்ட பையனை. சாப்பிட்ட கையோடு டிவி முன்னால் உட்கார்ந்து, கை காய்ந்து விரலில் சாம்பார் பொருக்குத் தட்டும்வரை எழுந்திருக்காதவனை. 'போய்க் கையக் கழுவுலே' என்று தினமும் அவள் தொண்டையை வற்ற வைத்தவனை. வந்து இறங்கியிருப்பது வேறு யார் வீட்டு நல்ல பிள்ளையோ. இரண்டு வருஷமாக அவள் கத்த ஆளில்லாமல் கிடந்தாள். இங்கேயே ஒரு வருஷம் இருந்தால் பழையவன் மெதுவாக வெளியே வந்துவிடுவான் என்று நம்பினாள். அதற்குத்தான் பிள்ளையார்.

நல்லசிவமோ எதிர்த்திசையில் ஏற்பாடுகளை முடித்திருந்தார். வைகாசியில் ஊர்க் கோயில் கொடைத் திருவிழா. வருகிற சொந்தக்காரர்களுக்குக் கொடுக்க முந்நூறு சம்படம், அதாவது மூடிபோட்ட எவர்சில்வர் டப்பா, எடுத்து வைத்துப் பேரும் வெட்டச் சொல்லிவிட்டார். மூடியில் 'டாக்டர் (படிக்கப் போகும்) ந. ஸ்ரீஹரி' என்றும், கீழே 'பன்னிரண்டாம் வகுப்பு' என்றும், அதற்கும் கீழே மூன்று இலக்கத்துக்கு இடம் விட்டு '/600' என்றும் வெட்டியாகிவிட்டது. பேர் வெட்டிய பாத்திரத்தை வேறு யாருக்கும் விற்க முடியாது. நாட்டில் பிள்ளைகளை டாக்டராக்கப் பல காரணங்கள் இருக்கலாம். முந்நூறு சம்படம் வீணாகிவிடும் என்பது இந்த வீட்டுக் காரணம்.

அவள் கோயிலிலிருந்து திரும்பியபோது நல்லசிவம் மொடமொடவென்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, தொலைக்காட்சிக்காரர்கள் வரப்போவது போல் சோபாவில் உட்கார்ந்திருந்தார். இணையதளம் சுற்றிக்கொண்டே இருந்தது. கடையிலிருந்து பேர் வெட்டும் சுரேஷ்குமார் போன் போட்டு, "மொதலாளி, நம்பர் இன்னான்னு சொன்னீங்கன்னா வெட்டிக்கினே இருப்பேன், சும்மா குந்திக்கினு கீறேன்" என்று அவசரப்படுத்தினான். எதிர் ஃபிளாட் ஸ்ரீரஞ்சனி கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, தன் பெண்ணின் ஐந்நூற்றுத் தொண்ணூற்றொன்றை மாடிப்படிக்கே அறிவித்துக்கொண்டிருந்தாள். மிச்சம் ஒன்பது மார்க் எங்கே போச்சுன்னே தெரியலை, எங்காத்துல அவர் சாப்பிடவே இல்லை என்று வருத்தப்பட்டாள். அந்த வருத்தத்தை எங்கே வாங்கலாம் என்று கேட்கத் தோன்றியது நல்லசிவத்துக்கு.

குறுஞ்செய்தி அவருடைய போனுக்குத்தான் வந்தது. படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் படித்தார்.

"ஐந்நூத்தி எழுபத்தி நாலு" என்றார்.

பையன் எழுந்து நின்று, "சாரிப்பா" என்றான்.

ஸ்வர்ணலதா சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். சொன்ன ரேஞ்சிலேயே எடுத்துப் போட்டிருந்தார் பிள்ளையார். சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்புக்கு நடுவில் 'சாரிப்பா' மறுபடி காதில் விழுந்தது. ஐந்நூற்று எழுபத்தி நாலு எடுத்த பிள்ளை மன்னிப்புக் கேட்கிறான். கேட்டு வாங்கியவள் இங்கே குழாய்த் தண்ணீரை வீணடிக்கிறாள். ஈடுகட்டுவது போலச் சேமியாவை வறுத்து நெய்யைத் தாராளமாக விட்டுப் பாயசம் வைத்தாள். துக்கம் விசாரிப்பது போல எட்டிப் பார்த்த ஸ்ரீரஞ்சனி, இந்த மார்க்குக்கு எதற்குப் பாயசம் என்று புரியாமலே ஒரு கிண்ணம் வாங்கிக் குடித்துவிட்டுப் போனாள்.

பாயசம் ஆறுவதற்குள் நல்லசிவம் பள்ளிக்குப் போன் போட்டார். ஸ்பீக்கரில்தான் போடுவார், போனில் ரகசியம் பேசுவது துணைத்தலைவருக்கு அழகில்லை. முதல்வர் அந்தப் பக்கம் பாயசத்தைவிட இனிப்பாக இருந்தார்.

"ஆறு மார்க்குதானுங்களே? அதுக்கென்னங் சார், நம்ம பையன். திங்கக்கிழமை பேட்ச் ஆரம்பிக்கறோம். ஞாயித்துக்கிழமையே அனுப்பிச்சுருங்க."

நல்லசிவம் நிமிர்ந்து உட்கார்ந்தார். சட்டையின் மொடமொடப்பு திரும்பி வந்தது. ஸ்வர்ணலதா கரண்டியும் கையுமாக வாசற்படியில் நின்றாள். அவர்கள் கடையில் கல்லாவுக்கு மேலே 'ஒரே விலை' என்று ஒரு பலகை தொங்குகிறது. இருபது வருஷமாக அதைத் துடைத்துக்கொண்டிருக்கிறாள். அதற்குக் கீழே நின்று யாரும் அந்த விலைக்கு எதையும் வாங்கிப் போனதில்லை. எழுந்து போகிற வாடிக்கையாளரைப் படியிறங்க விடாமல் எத்தனை முறை அவளே 'வாங்கக்கா, பாத்துப் போட்டுத் தாரேன்' என்று கூப்பிட்டிருக்கிறாள். அப்பேர்ப்பட்டவள் ஊரான் எழுதிப்போட்ட ஐந்நூற்று எண்பதை நம்பி, சாமியிடம் போய் நின்றிருக்கிறாள்.

மத்தியானம் வழக்கமாகச் சாப்பாடு கொடுத்தனுப்புகிற நேரத்தில் அவளே கடைக்குப் போனாள். கல்லாப் பக்கம் போகாமல், வாங்க வந்தவர்கள் நிற்கிற பக்கத்தில் நின்றாள்.

"அவன அனுப்ப வேண்டாம்" என்றாள்.

நல்லசிவம் அக்கம்பக்கம் பார்த்தார். "ஃப்ரீயாச் சொல்லித் தாரேங்கான் ஸ்வர்ணம்."

"டாக்டர் ஆவட்டும், வேண்டாம்னு சொல்லல. பனகல் பார்க்கைச் சுத்தி நாலு கோச்சிங் சென்டர் இருக்கு. இங்கயிருந்தே போய்ப் படிக்கட்டும்."

"அங்க தங்கறதும் ஃப்ரீ, சோறும் ஃப்ரீ."

"இங்க நான் போடுத சோத்துக்கு நீங்க எப்பம் பில்லு போட்டிய?"

மூலையில் உட்கார்ந்திருந்த சுரேஷ்குமார் வெட்டுவதை நிறுத்திவிட்டுச் சம்படத்தின் மேல் குனிந்துகொண்டான். நல்லசிவம் கல்லாவை இழுத்து மூடினார். பிறகு, வர்த்தகர் சங்கக் கூட்டத்தில் யாரும் கேட்டிராத குரலில் சொன்னார்: "எனக்கு மட்டும் அவன் நெனப்பு இல்லையாட்டி? ரெண்டு வருஷமா, கடையச் சாத்திட்டு வந்து, அவன் செருப்பு கிடக்கான்னு பாத்துட்டுத்தான் உள்ள வாரேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டார். "சரி. இங்கயே இருக்கேன்னு அவன் வாயால சொல்லட்டும். நான் போன் போட்டுச் சொல்லிருதேன்."

வெயிலில், குடை இருந்தும் விரிக்காமல் அவள் வீட்டுக்கு நடந்தாள். சாமியிடம் கேட்டதைச் சாமி கொடுத்தது. பள்ளிக்காரர் தட்டிப் பறித்ததைப் புருஷனிடம் பேரம் பேசித் திருப்பியாகிவிட்டது. பையன் வாயால் ஒரு வார்த்தை, அவ்வளவுதான். அது கேட்கவே வேண்டாம் என்று நினைத்தாள். வழியில் அரைக்கிலோ கூடுதலாகத் தோசைமாவும் வாங்கிக்கொண்டாள்.

பையன் ஜன்னலோரம் புத்தகத்தோடு இருந்தான். அவளைக் கண்டதும் எழுந்தான்.

"உக்காருலே. அப்பா சரின்னுட்டாங்க. நீ இங்கயே இருந்து படிக்கலாம்."

அவன் உட்கார்ந்தான். சந்தோஷப்படுவான் என்று அவள் காத்திருந்தாள். அவன் ஜன்னலுக்கு வெளியே, மேம்பாலத்தில் நகராமல் நின்றிருந்த பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"அங்க ஒன்பதரைக்கு லைட் ஆஃப் பண்ணிடுவாங்கம்மா" என்றான். "அப்புறம் சத்தமே இருக்காது. மொதல் வருஷம் எனக்குத் தூக்கமே வராது. இந்தத் தெருவ நெனச்சுக்குவேன். பஸ் ஹாரன், கீழ் கடைக்காரர் ஷட்டர் எறக்குறது, அப்பா செருப்பைக் கழட்டுறது, நீ என்னைக் கத்துறது. வரிசையா நெனச்சிட்டே வந்தா, நீ கத்துறப்ப தூங்கிடுவேன்."

"அதான் வந்துட்டியேப்பா."

"வந்து நாலு நாளாச்சு. இந்தச் சத்தத்துல தூக்கமே வரலம்மா."

அவள் கையிலிருந்த மாவுப் பையைக் கீழே வைத்தாள். அவன் அவசரமாக, "உன்மேல கோவமெல்லாம் இல்லம்மா. அங்க இருந்தா படிப்பேன், பழகிடுச்சு. ஒரு வருஷந்தானே, போய்ட்டு வந்துடறேன்" என்றான். அவளைத் தேற்றுகிற குரல். அதுவும் பழைய பையனிடம் இல்லாதது. அவனுக்கு அவளைத் தேற்றத் தெரியாது. அழ வைக்கத்தான் தெரியும். இத்தனை பேரிடம் பேசிப் பேசி விலையைப் படிய வைத்தவள், கீழே வைத்த மாவுப் பையை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போனாள். முதல் வருஷம் முழுக்கத் தினமும் அங்கே அவனைத் தூங்க வைத்தது தன் குரல்தான் என்பதை மட்டும் மறுபடி மறுபடி நினைத்துக்கொண்டாள்.

சாயங்காலம் சீக்கிரமே தோசைக்கல்லைப் போட்டாள். முறுகலாக இரண்டு ஊற்றிக் கொடுத்தாள். அவன் சாப்பிட்டுக்கொண்டே, "அப்பா வெட்டுன டப்பால ஒண்ணு எனக்கும் எடுத்து வெக்கச் சொல்லும்மா, ஊறுகாய் கொண்டு போறேன்" என்றான்.

"அதுல டாக்டர்னுல்லா வெட்டியிருக்கு."

"பிராக்கெட்டும் இருக்கில்ல. அந்த பிராக்கெட்டுக்குள்ளதான் ஒரு வருஷம் குடியிருக்கப் போறேன்" என்றான் அவன், முகத்தில் சிரிப்பே இல்லாமல்.

வந்ததிலிருந்து அவன் பேசிய முதல் நக்கல். அவள் திரும்பாமலே மூன்றாவது தோசையை ஊற்றினாள். அது வேக வேக, தட்டு கழுவும் சத்தத்துக்குக் காது கொடுத்து நின்றாள். வரவில்லை. கொண்டுபோய்ப் போட்டாள். தட்டைக் கையால் மறைக்காமல் வாங்கிக்கொண்டு, பிய்த்துப் பிய்த்து மெதுவாகத் தின்றான்.

ஏழு நிமிஷம் எப்போதோ தாண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள். கிளாம்பாக்கம் போய்ப் பஸ் பிடிக்க வேண்டுமென்றால் மத்தியானமே கிளம்ப வேண்டும். கீழே யாரோ விடாமல் ஹாரன் அடித்தார்கள். அவன் காலித் தட்டின் முன்னால் அப்படியே உட்கார்ந்து எதையோ யோசித்துக்கொண்டிருந்தான். வலது கை காற்றில் காய்ந்துகொண்டிருந்தது, விரல்களில் சாம்பார் பொருக்குக் கட்டத் தொடங்கியிருந்தது.

ஸ்வர்ணலதா அடுப்பை அணைத்துவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தாள். கையைக் கழுவு என்று சொல்லவில்லை.