வேர் போனால் நிம்மதி

சத்தியவேடு வட்டாரத்தைச் சென்னை ராஜ்யத்திலிருந்து பிரித்து ஆந்திராவில் சேர்த்தபோது ஊரே தலையில் கை வைத்துக்கொண்டது. ருக்மணி மட்டும் உள்ளுக்குள் சிரித்தாள். அவள் பிறந்த ஊர் புத்தூர். சந்தையில் தெலுங்கு கேட்டு வளர்ந்தவள், இரண்டாங்கிளாஸ் வரை தெலுங்குப் பள்ளிக்கூடம் போனவள். தாலுக்கா ஆபீசிலிருந்து காகிதம் வந்தால் கணக்குப்பிள்ளைக்கு முன்பு அவள் கைக்குத்தான் வரும். அவளுக்கு அதில் பாதிதான் விளங்கும் என்பது ஊருக்குத் தெரியாது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை.

மாமியார் பொன்னியம்மாளுக்கோ பெருமை பிடிபடவில்லை. "எங்க மருமவள கேளுங்க, புட்டுப்புட்டு வெப்பா" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். பதினோரு வருஷம் அந்த வீட்டில் உழைத்தும் கிடைக்காத பேர் அது. ருக்மணி அதை மடியில் கட்டிக்கொண்டு ஐந்து மாதம் சுகமாக இருந்தாள்.

ஆவணியில் வந்து சேர்ந்தாள் வெங்கடலட்சுமி. ரேணிகுண்டா ரயில் பட்டறையில் வேலை பார்த்த கொழுந்தன் நாகேந்திரனின் புதுப் பெண்சாதி. அவள் பிறந்த வீடு பேருக்குத்தான் தமிழ்க் குடும்பம். மூன்று தலைமுறையாகத் திருப்பதியில் இருந்து தெலுங்கே வீட்டுப் பேச்சாகிவிட்டது. நிலம் அளக்க வந்த ஆபீசர் வாசலில் நின்று ஏதோ கேட்டார். ருக்மணி வார்த்தையைத் தேடிப் பிடிப்பதற்குள் சின்னவள் மடமடவென்று பதில் சொல்லி, தண்ணீரும் கொடுத்து, அவரைச் சிரிக்கவும் வைத்துவிட்டாள். அன்றையிலிருந்து காகிதம் எல்லாம் சின்னவள் கைக்குப் போயிற்று.

ருக்மணிக்குப் பொறாமைதான். வேறு பேர் வைத்து அதை மூடுவானேன்?

அவளுக்கென்று மிச்சமிருந்தது வீட்டுக்குப் பின்னால் இருந்த கிணற்றடித் தோட்டம். மல்லிகையும் கத்தரியும் அவள் வைத்தது. ஆனால் தோட்டத்தில் பாதியை உண்ணிமுள் புதர் விழுங்கிக்கொண்டிருந்தது. பூவைப் பார்த்தால் அழகு, கையை வைத்தால் தண்டெல்லாம் முள். குருவி பழத்தைத் தின்றுவிட்டுப் போகிற இடமெல்லாம் விதையைப் போட்டு வைக்கும். தை மாதந்தோறும் ருக்மணி கத்தியால் வெட்டிக் கொளுத்துவாள். சித்திரை பிறப்பதற்குள் அது ஒன்றுக்கு நாலாகக் கிளைத்து நிற்கும்.

கார்த்திகை மழை விட்ட மறுநாள் வெங்கடலட்சுமி கடப்பாரையோடு தோட்டத்தில் இறங்கினாள். அவள் கிளையை வெட்டவில்லை. மண் இளகியிருக்கும்போதே அடியில் கடப்பாரையைக் கொடுத்து நெம்பி, தூரோடு பிடுங்கி, வேரில் விரல் நீளம்கூட உள்ளே நிற்காமல் கிளறி எடுத்து வெயிலில் கவிழ்த்துப் போட்டாள். பத்து நாளில் கிணற்றங்கரை வெளிச்சமாகிவிட்டது; மல்லிகைப் பக்கம் மட்டும் பாக்கி. தண்ணீர் சேந்த வந்தவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

அதையும் பொறுத்திருப்பாள் ருக்மணி. பொன்னியம்மாள் மோர்ச் சொம்போடு தோட்டத்துக்கே போய், சின்னவளின் கையை மடியில் வைத்து, மங்கின கண்ணை இடுக்கிக்கொண்டு ஊக்கால் முள் எடுத்ததைத்தான் பொறுக்க முடியவில்லை. பதினோரு வருஷம் அதே முள் ருக்மணியின் கையிலும் குத்தியது. யார் எடுத்தார்கள்?

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாகேந்திரன் லீவில் வந்திருந்தான். புருஷனும் பெண்சாதியும் தோட்டத்தில் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். கத்தரி பறிக்கிற சாக்கில் ருக்மணி வேலியோரம் போய்க் காதைத் தீட்டிக்கொண்டாள். சின்னவள் தெலுங்கில் சொன்னது தெளிவாகக் கேட்டது.

"வேரு போவால. வேரு போத்தேனே மனக்கு நெம்மதி."

"அவுனு. பண்டக லோபல போவால" என்றான் நாகேந்திரன்.

வேறு போகவேண்டும், தனிக்குடித்தனம் போனால்தான் நமக்கு நிம்மதி, அதுவும் பொங்கலுக்குள்! ருக்மணிக்குக் கால் தரையில் பாவவில்லை. முள் எடுத்துவிட்ட கைக்கு இதுதானா மரியாதை? கத்தரிக்காயை அங்கேயே போட்டுவிட்டு மாமியாரிடம் ஓடினாள்.

"அத்தே, சின்னவங்க வேற போறாங்களாம். 'வேரு போவால'ன்னு பேசிக்கினாங்க. என் ரெண்டு காதால கேட்டேன்."

"இன்னாடி சொல்ற?" பொன்னியம்மாளுக்கு முகம் செத்துவிட்டது.

அந்த முகத்தைப் பார்த்தாவது நிறுத்தியிருக்கலாம். ஆனால் வாய் கேட்டால்தானே? கண் காது மூக்கு வைத்தாள். "கெழவி தொல்லை தாங்கலியாம். உங்கள உட்டுட்டுப் போனாத்தான் நிம்மதின்னு சொல்லிக்கினு சிரிக்கிறா அத்தே."

பொன்னியம்மாள் விறுவிறுவென்று தோட்டத்துக்குப் போனாள். ருக்மணி பின்னாலேயே போனாள்.

"ஏம்பா நாகேந்திரா, பொங்கலுக்குள்ள வேற போறீங்களாமே? எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

நாகேந்திரன் முழித்தான். "வேற போறமா? யார் சொன்னது?"

"உம் பொண்டாட்டிதான் சொன்னாளாம். வேரு போவாலன்னு."

வெங்கடலட்சுமி கையிலிருந்த மண் ஒட்டிய உண்ணிமுள் தூரைத் தூக்கிக் காட்டினாள். "வேரு அத்தம்மா, வேரு! இதி! இது போனாதா மல்லிச் செடிக்கி நெம்மதி!"

செடியின் வேரும் தெலுங்கில் வேருதான், வேறு போவதும் வேருதான். ருக்மணி படித்த இரண்டாங்கிளாஸில் அதைச் சொல்லித்தரவில்லை.

பொன்னியம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள், கண்ணில் தண்ணீர் வரும் வரைக்கும். நாகேந்திரனும் சிரித்தான். ருக்மணியும் சிரிப்பில் சேர்ந்துகொள்ளப் பார்த்தாள். அதற்குள் கிழவியின் சிரிப்பு நின்றுவிட்டது.

"சரி ருக்கு. கெழவி தொல்லைன்னு இவ சொன்னதா சொன்னியே, அது எந்தச் செடியோட வேரு?"

ருக்மணி வேலியோரம் போட்டுவிட்டுப் போன கத்தரிக்காயைப் பொறுக்கக் குனிந்தாள். வெங்கடலட்சுமிக்குப் புரியவில்லை, புருஷனைக் கேட்டாள். அவன் மெதுவாகச் சொன்னான். அவள் கையிலிருந்த தூரைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

"பட்டறையில வீடு தரேன்னு மூணு மாசமா கூப்ட்டுக்கினு இருக்காங்க அண்ணி" என்றான் நாகேந்திரன். "அம்மாவ உட்டுட்டுப் போறதான்னு இவதான் வேணான்னா. இனிமே நான் இவ பேச்ச கேக்கப்போறதில்ல."

தை பிறந்ததும் கிளம்பினார்கள். வண்டியில் சாமான் ஏற்றி முடிந்தபோது பொன்னியம்மாளும் ஒரு மூட்டையைக் கட்டிக்கொண்டு வெளியே வந்தாள். ருக்மணியின் புருஷன் கோவர்த்தனன் வண்டிச் சாமானுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். ருக்மணி ஓடிப்போய் மூட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"பதினோரு வருஷம் எங்கையால துன்னீங்களே அத்தே! அது வந்து அஞ்சு மாசம் ஆவல. நீங்க பேசறதுல பாதி அதுக்குப் புரியறது கூட இல்லியே!"

"வாஸ்தவம்தான்" என்றாள் பொன்னியம்மாள். அவள் குரலில் கோபமே இல்லை. "பாதிதான் புரியும். ஆனா புரியாத பாதிய அது இட்டுக்கட்டிச் சொல்லாதுடி."

மூட்டையை மெதுவாக விடுவித்துக்கொண்டு வண்டியில் ஏறி, சின்னவள் பக்கத்தில் உட்கார்ந்தாள்.