மருத்துவரின் குறிப்புக்குக் கீழே

அடுத்த பக்கம் என்று ஒத்தோரினோ கண்ணால் காட்டினார். மகள் லவீனியா புரட்டினாள். அவர் மடிமேல் ஒரு தலையணை, அதன்மேல் அந்தப் புத்தகம். கிரேக்க, ரோமானியப் பழமொழிகளைத் திரட்டி, விளக்கம் எழுதி, ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் வெனிஸில் அச்சிட்டது. ஓரமெங்கும் பழைய வாசகர்களின் கையெழுத்து.

அவருக்கு இன்றைய பொழுது தாண்டாது என்று காலையில் செவிலி சொல்லிவிட்டுப் போயிருந்தாள். மூன்று மணிக்குப் புத்தகத்தை எடுத்துப்போகப் பதுவா நகர நூலகத்திலிருந்து ஆள் வர இருந்தது. தானப் பத்திரத்தில் போன வாரமே கையெழுத்தாகிவிட்டது. பழைய புத்தகங்களைச் செப்பனிடும் வேலையில் அந்த நூலகத்தில் இருப்பவள் லவீனியா. இந்தப் புத்தகத்தின் ஓரக் குறிப்புகளை ஒன்றுவிடாமல் பட்டியலிட்டதும் அவள்தான்.

ஒரு பக்கத்தில் அப்பாவின் விரல் நின்றது. பிள்ளைகளைப் பற்றிய பழமொழி அது. அதன் ஓரத்தில், அந்தக் காலத்து மருத்துவர் ஒருவர், கொள்ளைநோயில் செத்த தன் மகனின் பெயரையும் நாளையும் எழுதியிருந்தார். கீழே இரண்டு விரல் அகலத்துக்கு வெற்றிடம்.

"பேனா," என்றார் அப்பா.

தவறாகக் கேட்டுவிட்டதாக நினைத்தாள். நாற்பது ஆண்டுகள் லத்தீன் வாத்தியாராக இருந்தவர், இந்தப் புத்தகத்தின் பக்கத்தில் ஒரு கோப்பையைக்கூட வைக்க விட்டதில்லை.

"பென்சில் தரட்டுமாப்பா?"

"நூலகத்துல அழிச்சிருவீங்க."

ஜன்னலோரம் நின்றிருந்த அண்ணன் துய்லியோ திரும்பினான். "லவீ, அது இனிமே நம்மது இல்ல. கிறுக்கி வச்சா உன் வேலை போயிரும்."

உண்மைதான். பேனாவே கூடாத வாசிப்பு மேசையில் அதை மறந்துவைத்த ஒருத்தியைப் பற்றி மேலிடத்துக்கு எழுதிப்போட்டவளே அவள்தான். அப்பா நீட்டிய கை கீழே இறங்கவில்லை. மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவே இடைவெளி நீண்டுகொண்டே போனது.

அவள் மேசை இழுப்பறையிலிருந்து மைப்பேனாவை எடுத்தாள். துய்லியோ அவள் மணிக்கட்டைப் பிடித்தான்.

"அவருக்குப் புத்தி தடுமாறுது."

"இல்லண்ணா. தேடித்தான் இந்தப் பக்கத்துக்கு வந்தாரு."

பிடி மெல்லத் தளர்ந்தது.

இரண்டு வரி எழுதக் கால் மணி நேரம் ஆயிற்று. அவள் அப்பாவின் முழங்கையைத் தாங்கிப் பிடித்திருந்தாள், எழுத்தைப் பார்க்கவில்லை. பேனா நழுவிப் போர்வையில் விழுந்தது. துய்லியோ குனிந்து பார்த்தான். சிறுவயதில் அப்பாவிடம் லத்தீன் படித்தவன் அவன். பதினொரு வயதுக்குமேல் அவர் எதிரில் ஒரு நாளும் புத்தகத்தோடு உட்கார்ந்ததில்லை.

"நீ படி," என்றான்.

லவீனியா லத்தீனைத் தங்கள் பேச்சுமொழியில் மாற்றிப் படித்தாள். "சில்வானா. நாலு வயசு. ஆத்துல. பாத்துக்க வேண்டியவன் நான். வீட்டுல படிச்சிக்கிட்டிருந்தேன்."

ஐம்பத்தொரு ஆண்டுகளாக அந்த வீட்டில் யார் வாயிலும் வராத பெயர். லவீனியா பிறப்பதற்கு முன்பே ஆற்றோடு போய்விட்ட அக்கா. லவீனியாவுக்கு அவள் ஒரு புகைப்படம் மட்டும்தான். அன்றைக்குக் கரையில் தூண்டிலோடு இருந்தது துய்லியோ என்று ஊருக்கே தெரியும். ஒருவரும் அவனை ஒரு சொல் சொன்னதில்லை. உன் தப்பு இல்லை என்றும் சொன்னதில்லை.

அப்பா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். துய்லியோ கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். அப்பாவிடமிருந்து ஒரு மூச்சு வந்தது. வெகுநேரம் கழித்து இன்னொன்று. அடுத்ததற்காக இருவரும் காத்திருந்தார்கள்.

லவீனியா அப்பாவின் கண்களை மூடிவிட்டாள். கீழே வாசல் மணி அடித்தது. புத்தகத்தை மூடக் கை நீட்டினாள். துய்லியோவின் இரண்டு விரல்கள் பக்கத்தின் ஓரத்தை அழுத்திப் பிடித்திருந்தன.

"மை காயல," என்றான்.

"சரி. நூலகத்துக்காரங்ககிட்ட நான் பேசிக்கிறேன்," என்று அவள் எழுந்தாள்.

கதவருகே திரும்பிப் பார்த்தபோது, அறுபது தாண்டிய அந்த மனிதன் பக்கத்தின்மேல் குனிந்து, உதட்டைக் குவித்து, மெதுவாக ஊதிக்கொண்டிருந்தான்.