தவறான எண்

அண்ணன் அப்பாவின் வலது கட்டைவிரலைப் பிடித்துப் போன்மேல் அழுத்திக்கொண்டிருந்தான். திறக்கவில்லை. விரலைத் தன் சட்டையில் துடைத்தான். வாயால் ஊதினான். மறுபடி அழுத்தினான்.

தங்கை அவன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"என்னண்ணா பண்ற?"

"அப்பாகூட லேத்துல வேலை பாத்தவங்க நம்பரெல்லாம் இதுலதான் இருக்கு. தகவல் சொல்ல வேணாமா?"

"நாலு சைபர் போட்டா திறக்கும். முதல்ல கைய விடு."

விட்டான். விறைத்த கை கட்டிலைத் தொடாமல், ஒரு விரல்கடை உயரத்தில் அப்படியே நின்றது.

அறையில் வாடகை நாற்காலிகளின் பிளாஸ்டிக் நாற்றமும் யாரோ தாராளமாக அடித்துக்கொண்டு வந்திருந்த சென்ட்டும் கலந்து கிடந்தன. சித்தி மூக்கைச் சிந்தி, கொடியில் தொங்கிய அப்பாவின் துண்டிலேயே துடைத்தாள். பெரியப்பா பிஸ்கட்டை ஊறவைத்துத் தின்றுகொண்டே, "நாய்க்காகச் செத்த மனுஷன் நம்ம குடும்பத்துல இவன் ஒருத்தன்தான்" என்றார். இரண்டு பேர் சிரித்துவிட்டு, இடம் நினைவுக்கு வந்து நிறுத்திக்கொண்டார்கள்.

"நான் பாத்துச் சொல்றேன்" என்று அவள் போனைப் பிடுங்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

காணாமல் போன நாயின் பெயர் மேனேஜர். ஒரு வேலையும் செய்யாமல் வாசலில் உட்கார்ந்து எல்லாரையும் மேற்பார்வை பார்க்கிறது என்று அப்பா வைத்த பெயர். ஒன்பது நாளைக்கு முன்னால், குழாய் ரிப்பேர் பார்க்க வந்தவர் கதவைத் திறந்து போட்ட நேரத்தில் அது வெளியே போய்விட்டது. அன்றிலிருந்து அப்பா காலையும் மாலையும் வெறும் நாய்ச்சங்கிலியைக் கையில் சுற்றிக்கொண்டு தெருத்தெருவாக நடந்தார். நேற்று மாலை மருந்துக்கடை வாசலில் விழுந்தார். எழுந்திருக்கவில்லை.

அவள் கால்நடை மருத்துவமனையில் உதவியாளர். மேனேஜரின் பிடரியில் அரிசிமணி அளவு சிப்பை ஊசியால் ஏற்றியதே அவள்தான். ஏதோ சாட்டிலைட் சமாச்சாரம் என்று அப்பா நினைத்திருந்தார்.

"அது எங்க போனாலும் காட்டிக்குடுத்துரும் இல்ல?"

"இடமெல்லாம் காட்டாதுப்பா. யாராவது கருவி வச்சுப் பாத்தா ஒரு எண் வரும். அந்த எண்ணுல நாம பதிஞ்சு வச்ச போனுக்குக் கூப்பிடுவாங்க."

"அப்ப பெரியவன் நம்பரப் போடு. நான் போன எங்கயாவது வச்சுருவேன். நீ வருஷத்துக்கு ஒரு சிம் மாத்துவ."

போட்டாள். மருத்துவமனைக்கு வருகிறவர்களிடமெல்லாம் ரெண்டு நம்பர் குடுங்க, மாறினா உடனே மாத்துங்க என்று வாய் வலிக்கச் சொல்கிறவள், தன் வீட்டு நாய்க்கு ஒரே ஒரு நம்பர் போட்டாள்.

அப்பாவின் போனில் அழைப்புப் பட்டியலைத் திறந்தாள். 'பெரியவன்'. அதற்குக் கீழேயும் 'பெரியவன்'. காலை ஏழு மணிக்கு ஒன்று, மாலை ஆறு மணி வாக்கில் ஒன்று. ஒன்பது நாளும். ஒவ்வொன்றும் ஒரு நிமிடத்துக்குள். யாராச்சும் கூப்பிட்டாங்களாடா? இல்லப்பா. அதற்கு மேல் என்ன பேச்சு இருந்திருக்கும்? கடைசி அழைப்பு நேற்று மாலை ஐந்து ஐம்பத்திரண்டுக்கு. மருந்துக்கடைக்காரர் அவளைக் கூப்பிட்டது ஆறு பத்துக்கு.

தன் போனை எடுத்து, மருத்துவமனைக் கணக்கு வழியாகப் பதிவேட்டில் நுழைந்தாள். சிப் எண் மனப்பாடம். முதல் நாளே பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை. பெரியவன் சொன்னால் சரி என்பது அந்த வீட்டுப் பழக்கம்.

நாய் காணாமல் போன மறுநாள் தேதியில் ஒரு பதிவு இருந்தது. நகராட்சிக் காப்பகம். ஆண் நாய், பழுப்பு, வலது காதில் வெட்டு. உரிமையாளர் அழைக்கப்பட்டார். பதில்: தவறான எண். அடுத்த நாள் மறுபடி அழைக்கப்பட்டார். பதில்: தவறான எண். மூன்றாம் நாளும் அதேதான்.

ஊழியர் மூன்று முறையும் எழுத்துப் பிழை இல்லாமல் எழுதியிருந்தார்.

காப்பகத்தைக் கூப்பிட்டாள். ஒரு பெண் எடுத்தாள்.

"பழுப்பு நாயா? இருக்குங்க. ஆனா புடிச்ச நாள்லேர்ந்து எட்டு நாள்தான் வச்சிருப்போம். இன்னைக்கு ஒரு மணியோட முடியுது."

"முடிஞ்சா?"

அந்தப் பெண், "அதுக்குள்ள வந்துருங்க" என்று அவசரப்படுத்தினாள். "பதிவுல இருக்கறவங்க வரணும். இல்ல, பதிவ உங்க பேருக்கு மாத்திட்டு வாங்க" என்றாள்.

நம்பரை மாற்ற வேண்டுமானால் பழைய நம்பருக்கு ஆறு இலக்கக் கடவு எண் போகும். பத்து நிமிடம் செல்லுபடியாகும். மாற்றி முடித்ததும் பழைய நம்பருக்கே ஒரு தகவலும் போகும். மணி பதினொன்றரை. அவள் பொத்தானை அழுத்திவிட்டு முன்னறைக்கு வந்தாள். அண்ணன் யாருடைய தோளிலோ முகம் புதைத்துக் குலுங்கிக்கொண்டிருந்தான். அழுகை நிஜமாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது.

"அண்ணா, உன் போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கும். படிச்சுச் சொல்லு."

"வண்டிக்காரனா?" என்றாள் சித்தி.

அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தான். பார்த்தான். அவன் தோளுக்குப் பக்கத்தில் நின்றதால் அவளுக்கும் தெரிந்தது. புதுச் செய்திக்கு மேலே, அதே பதிவேட்டிலிருந்து வந்த மூன்று பழைய செய்திகள். உங்கள் நாய் காப்பகத்தில் உள்ளது. மூன்றும் படிக்கப்பட்டவை.

"படிண்ணா."

"நாலு" என்றான். "ஒண்ணு. ஏழு. ஏழு."

நிறுத்தினான். கழுத்தில் வேர்வை வடிந்தது. குரலைத் தாழ்த்தினான். பிஸ்கட் வாடை அவள் முகத்தில் அடித்தது.

"எங்க ஃபிளாட்டுல நாய் வைக்கக் கூடாதுன்னு உனக்கே தெரியும். அது இல்லன்னா அப்பா எங்ககூட வந்து இருந்துருவாருன்னுதான்..."

"இன்னும் ரெண்டு இருக்கு."

அவன் அவளைப் பார்த்தான். அவள் போன் திரையில் காலியாக இருந்த இரண்டு கட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சைபர். மூணு."

வாசலில் வண்டி வந்து நின்றது. எல்லாரும் எழுந்தார்கள். நாற்காலிகள் தரையில் உரசின. "பெரியவனே, தலைமாட்டுக்கு வா" என்று பெரியப்பா கையை உதறிக்கொண்டே கூப்பிட்டார். அண்ணன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு குனிந்தான்.

அவள் தன் நம்பரை அடித்தாள். இரண்டாவது நம்பருக்கான இடத்தில் மருத்துவமனை நம்பரை அடித்தாள். இரண்டையும் ஒரு தடவை சரிபார்த்தாள். ஆணியில் மாட்டியிருந்த சங்கிலியை எடுத்துக்கொண்டாள். அதன் தோல் பிடியில் உப்புப் பூத்திருந்தது.

"சாவு வீட்டுல எங்கடி கிளம்பற?" என்றாள் சித்தி.

"மேனேஜரக் கூட்டிட்டு வரேன். நேரா சுடுகாட்டுக்கே வந்துருவோம்."

நான்கு பேர் அப்பாவைத் தூக்கினார்கள். அவள் 'உறுதி செய்' என்பதை அழுத்தினாள்.

அண்ணனின் சட்டைப்பையில், அப்பாவின் காதுக்கு ஒரு சாண் தூரத்தில், போன் இரண்டு முறை ஒலித்தது. அவனுடைய இரண்டு கைகளும் அவர் தோள்களுக்கு அடியில் இருந்தன.