கழுவாத வீடு

அனுமதி கொடுத்தவர்கள் மேல்தான் நாங்கள் வழக்குப் போட்டோம். தார் ஆலைக்காரன் புகை விடுவான். அது அவனுடைய பிழைப்பு. ஒரு நாளாவது உரும்பிராய்ப் பக்கம் வந்து மூச்சு விட்டுப் பார்க்காமல் ஆண்டுக்கு ஆண்டு அவனுக்கு அனுமதியைப் புதுப்பித்துக் கொடுத்த திணைக்களத்தை என்னவென்று சொல்வது?

சனசமூக நிலையத்தின் செயலாளர் என்பதால் முதல் மனுதாரர் நான். தலைவர் நமசிவாயம் அண்ணை இரண்டாவது. மனுவோடு முதலில் இணைத்தது என் மனைவி தக்சாயினியின் வைத்தியச் சான்றிதழ். ஆலை வருமுன் தோட்டத்துக்கு என்னோடு சேர்ந்து தண்ணீர் கட்டியவள், இப்போது கிணற்றடிக்குப் போய்வர இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினாள். சட்டம், நியாயம் எல்லாம் எனக்கு இரண்டாம் பட்சம்தான். அவளுக்கு மூச்சு வேண்டும், அவ்வளவுதான்.

காற்றை அளக்கும் கருவி பழுதாகிக் கொழும்பில் கிடக்கிறது என்று திணைக்களம் சொன்னது. அப்படியானால் நேரில் போய், வீடுகளில் படிந்திருக்கும் கரியைப் பார்த்து, மாதிரி எடுத்து அறிக்கை தாருங்கள் என்றார் நீதிபதி. நான் ஒழுங்கை முழுக்க வீடு வீடாகப் போய், இன்ன நாளில் நீதிமன்றம் சொல்லி ஆட்கள் வருகிறார்கள் என்று அறிவித்தேன். எதைப் பார்க்க வருகிறார்கள் என்று விளங்கப்படுத்தாமல் விட்டது என் மடத்தனம்.

அன்று காலை யாழ்ப்பாணம் போய்ச் சட்டத்தரணியையும் திணைக்கள அதிகாரியையும் கூட்டிக்கொண்டு திரும்பினால், ஒழுங்கையே பளபளவென்று இருக்கிறது. முற்றமெல்லாம் சாணித் தண்ணீர் தெளித்திருந்தார்கள். யன்னல் கம்பி, சுவர், வேலியோரத்து வாழையிலை, ஒன்றையும் விடாமல் கழுவியிருந்தார்கள். எங்கள் வீட்டில் தக்சாயினி நல்ல சேலை கட்டி, மூச்சு இழுக்க இழுக்கத் தேநீரும் வடையும் கொண்டுவந்தாள். விடியப்புறம் எழும்பி மூன்று மணித்தியாலம் கழுவினாளாம். அதிகாரி வெள்ளைத் துணியால் யன்னல் விளிம்பைத் துடைத்தார். துணி வெள்ளையாகவே இருந்தது. வடை நல்ல ருசி என்று சொல்லிவிட்டு, படிவு எதுவும் இல்லை என்று எழுதிக்கொண்டு போனார்.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. நமசிவாயம் அண்ணையும் சட்டத்தரணியும் நிற்க, அவர்களுக்கு முன்னாலேயே அவளை ஏசினேன்.

“கோர்ட்டிலையிருந்து ஆக்கள் வரேக்கை வீடு ஊத்தையாய்க் கிடக்கிறதே? எங்களைப் பற்றி என்ன நினைப்பினம்?” என்று அவள் கேட்டாள்.

“உன்ரை வழக்கை உன்ரை கையாலையே கழுவி ஊத்திப்போட்டாய்” என்றேன்.

அந்தச் சொல்லை நான் சொல்லியிருக்கக் கூடாது.

சட்டத்தரணி போராடி, மூன்று மாதம் கழித்து வேறொரு குழு வந்து பார்ப்பதற்குக் கட்டளை வாங்கினார். அன்றிலிருந்து தக்சாயினி தன் அறையில் தும்புத்தடி எடுத்துக் கூட்டவில்லை. காற்று கரியை அள்ளிக்கொண்டு போய்விடும் என்று பகல் வெக்கையிலும் மின்விசிறி போடமாட்டாள். வீட்டைத் தூசியில்லாமல் வைத்திருக்க வேண்டும் என்று வைத்தியர் திருப்பித் திருப்பிச் சொன்னார். நான் துடைக்கப் போனால் கையைப் பிடித்துக்கொள்வாள்.

“கிடக்கட்டும். வாற ஆக்கள் வடிவாய்ப் பாக்கட்டும்” என்பாள்.

நானும் விட்டுவிட்டேன். உண்மையைச் சொன்னால், யன்னல் விளிம்பில் கரி தடிக்கத் தடிக்க எனக்கு உள்ளுக்குள் ஒரு திருப்தி. அதற்குக் கீழேதான் அவளுடைய கட்டில் கிடந்தது.

குழு செவ்வாய்க்கிழமை வருவதாக இருந்தது. அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியில், ஆட்டோவிலேயே அவளுக்கு மூச்சு நின்றுவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை எடுத்தோம். பாடை படலையைத் தாண்டியதும் பெண்கள் வீடு கழுவத் தொடங்குவார்கள். ஆண்கள் சுடலையிலிருந்து திரும்புமுன் கழுவி முடித்து விளக்கேற்றிவிட வேண்டும். நான் கொள்ளிச்சட்டியோடு ஒழுங்கையில் இறங்க, கிணற்றடியில் வாளிச் சத்தம் கேட்டது. கொள்ளி வைக்கப் போகிறவன் திரும்பிப் பார்க்கக் கூடாது. நான் சட்டியை நமசிவாயம் அண்ணையின் கையில் திணித்துவிட்டு உள்ளே ஓடினேன். பறை பாதியில் நின்றது.

அண்ணையின் மனைவி பாலேஸ்வரி அக்கா, வாளியும் தும்புத்தடியுமாக தக்சாயினியின் அறை வாசலில் நின்றார்.

“தம்பி, உதென்ன வேலை? செத்தவீட்டைக் கழுவாமல் விடேலாது.”

“அக்கா, இது தக்சா மூண்டு மாதமாய்ச் சேத்து வைச்சது” என்றேன். “செவ்வாய்க்கிழமை ஆக்கள் வந்து பாக்கும்வரைக்கும் ஒருத்தரும் தொடக்கூடாது.”

அக்கா யன்னலைப் பார்த்தார். வாளியைக் கீழே வைத்தார். நான் அறையைப் பூட்டி, திறப்பை மடியில் செருகிக்கொண்டு, ஒழுங்கைக்குப் போய்ச் சட்டியைத் திரும்ப வாங்கினேன்.